முதலில் மனை, அப்புறம் பாங்கு

எந்த ஊர் பாங்கு வாசலுக்குப் போனாலும் இந்நாளில் ஒரு படத்தைப் பார்க்கலாம். புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் வர்ணம் காயாத புது வீடு. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. சொந்த வீடு கட்டக் கடன் தருகிறோம், உள்ளே வாருங்கள் என்று அந்தப் படம் அழைக்கிறது. கீழ்வேளூரிலும் அழைக்கிறது. நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிற பெண்கள் அந்தப் படத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவராவது உள்ளே போய் வீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. நகைக் கடன் வாங்கியவர் உண்டு. குழுக் கடன் வாங்கியவர் உண்டு. வீட்டுக் கடனா? அது வாத்தியாருக்கும் சர்க்கார் குமாஸ்தாவுக்கும் கடைக்காரருக்கும் உள்ள சமாசாரம்.

ஏன் இப்படி? ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்பது பாங்கு கனவான்களின் பதில். ஏழைக்குப் பாங்கே வேண்டாம், சர்க்கார் இனாமாகக் கட்டிக் கொடுத்தால் போதும் என்பது நம்மவர்களிலேயே சிலரது பதில். இரண்டும் சரியில்லை என்பது நமது கருத்து. பாங்கில் கிடக்கும் பணம் ஜனங்களின் பணம். 1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்குகள் தேச உடைமையாக்கப்பட்டபோது, இனி இந்தப் பணம் குடியானவனுக்கும் தொழிலாளிக்கும் உதவும் என்று சொல்லித்தான் ஆக்கினார்கள். ஆகவே அதில் பங்கு கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காலுக்குக் கீழே உள்ள மனை யாருடையது என்ற கேள்வியைத் தீர்க்காமல் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவது, உழாத வயலில் நாற்றைக் கொண்டுபோய் இறக்குகிற கதைதான்.

மனை என்ற விலங்கு

கீழத்தஞ்சையில் இது புதிய கேள்வி அல்ல. பண்ணையாளுக்குச் சொந்த மனை கிடையாது. மிராசுதாரின் கொல்லைக் கோடியிலோ, மடத்தின் திடலிலோ, கோயில் நிலத்திலோ குடிசை போட்டுக்கொள்வான். மூங்கிலும் கீற்றும் பண்ணையில் கொடுத்தது. ஆகவே குடிசையும் பண்ணையுடையது, குடிசைக்குள் இருப்பவனும் பண்ணையுடையவன். இது மிராசுதாரின் கணக்கு. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் சவுக்கடி, சாணிப்பால். அதற்கும் அடங்காதவனுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார்கள். போக்கிடம் ஏது? பக்கத்து ஊர் திடலும் இன்னொரு மிராசுதாருடையதுதானே!

தோழர் பி. சீனிவாசராவ் முதலானோர் இந்த மண்ணில் விவசாயிகள் சங்கம் கட்டிய பிறகு, 1944-ல் களப்பாலிலும் மன்னார்குடியிலும், 1948-ல் மாயவரத்திலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன, கூலி ஏறிற்று. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் மனை மிராசுதாருடையதாகவே இருந்தது. 1961-ல் ஒரு சட்டம் வந்து, குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்றது. வெளியேற்றக் கூடாது என்றதே தவிர, உனக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, இன்றைய கீழ்வேளூர் வட்டத்தைச் சேர்ந்த கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் கிடைத்த பதில் அது என்பதை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நாம் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். உயிருக்குப் பயந்து ஓடியவர்கள் புகுந்துகொள்ளத் தெருவில் இருந்தது கூரைக் குடிசை ஒன்றுதான். தீக்குச்சிக்குத் தாங்காத கூரை. அந்தத் தெருவில் எவருக்கும் கல் வீடு இல்லை.

அதன் பிறகுதான் சர்க்காருக்குக் கண் திறந்தது. 1969-ல் கணபதியா பிள்ளை கமிஷன், அதையொட்டி நியாயக் கூலிச் சட்டம். 1971-ல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம். விவசாயத் தொழிலாளிக்கும் கிராமக் கைவினைஞருக்கும் அவரவர் குடியிருந்த மனை அந்தச் சட்டத்தால் சொந்தமாயிற்று. நமது வட்டாரத்தில் இன்று ஏழை வீட்டுப் பெட்டியில் ஒரு பட்டாக் காகிதம் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் அந்தப் போராட்டத்தின் பலன். எந்தப் பாங்கும் கொடுத்ததல்ல.

படித்த தோழர்கள் சிலர் இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழுப்புவதுண்டு. தொழிலாளியைச் சொந்த வீட்டுக்காரனாக்குவது அவனை முதலாளியின் காலில் கட்டிப் போடுவதாகும் என்று 1872-லேயே ஏங்கல்ஸ் எழுதிவிட்டாரே, நாம் ஏன் வீட்டுக் கடனுக்கு வக்காலத்து வாங்க வேண்டும் என்கிறார்கள். ஏங்கல்ஸ் எழுதியது மெய். ஆனால் எந்தத் தொழிலாளியைப் பற்றி எழுதினார்? ஜெர்மனியில் ஆலையடியில் சிறு வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, அதை விட்டு நகர முடியாமல், குறைந்த கூலிக்குத் தலையாட்ட வேண்டி வந்த தொழிலாளியைப் பற்றி எழுதினார். கீழத்தஞ்சையில் கதை தலைகீழ். இங்கே மனை இல்லாததே விலங்கு. சொந்த மனை கிடைத்த மறுநாள்தான் பண்ணையாள் மிராசுதாரிடம் நிமிர்ந்து நின்று கூலி பேசினான். ஏங்கல்ஸிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: கடன் என்ற பெயரில் அந்த விலங்கு திரும்பி வந்துவிடக் கூடாது. ஏங்கல்ஸ் பயந்தது அடமானத்துக்கும் சேர்த்துத்தான்.

பாங்கு கேட்கும் காகிதங்கள்

சரி, ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் துணிந்து பாங்குக்குள் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மானேஜர் என்ன கேட்பார்? மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகாரம் பெற்ற வரைபடம், வருமானச் சான்று, மூன்று வருஷ வரவு செலவு, ஜாமீன். போதாதற்கு சிபில் மார்க்கு. மானேஜரை நாம் குறை சொல்லவில்லை. மேலே இருந்து வந்த தாளில் அப்படி எழுதியிருக்கிறது, அவரும் சம்பளக்காரர்தான்.

இவற்றில் முதல் மூன்றுக்கே நமது தெருக்களில் பாதிப் பேரிடம் பதில் கிடையாது. நத்தத்தில் இருப்பவர் கொஞ்சம் தேவலாம். வாய்க்கால் கரையிலும் குளக்கரையிலும் சாலையோரத்திலும் இருப்பவர் புறம்போக்குக்காரர். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டும் ஆபீஸருக்குத்தான் அவர் பெயர் தெரியும். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த ஒப்படை மனை என்றால், இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது என்று பட்டாவிலேயே நிபந்தனை இருக்கும். ஏழையின் மனையைப் பணக்காரர் அடித்துப் போகாமலிருக்க வைத்த நல்ல நிபந்தனை அது. ஆனால் பாங்கு அதையே காட்டி, விற்க முடியாத மனையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்கிறது. ஏழையைக் காக்கப் போட்ட வேலி, ஏழைக்குக் கடன் வரும் வழியையும் அடைக்கிறது. வேலியைப் பிடுங்கு என்று நாம் சொல்லமாட்டோம். மனையை அடமானம் கேட்காமல் கடன் கொடு என்றுதான் சொல்வோம். அதற்குப் பிறகு வருகிறோம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது கோயில் அடிமனை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் இருப்பதாக அறநிலையத் துறை கணக்குச் சொல்கிறது. இந்தக் காவிரிக் கடைமடையில் கோயிலுக்கும் மடத்துக்கும் உள்ள நிலம் கொஞ்சநஞ்சமல்ல. கீழ்வேளூரும் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்தான். தாத்தா காலத்திலிருந்து கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு, அடிமனைக்குப் பகுதி கட்டிவரும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சுவர் அவர்களுடையது, மண் கோயிலுடையது. சுவருக்குப் பாங்கு கடன் தராது. சர்க்கார் வீட்டுத் திட்டத்தில் பெயர் கொடுக்கப் போனாலும் பட்டா எங்கே என்பதுதான் முதல் கேள்வி. வாடகையை ஏற்றிவிட்டு, பாக்கி என்று சொல்லி, ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் கொடுத்தால், மூன்று தலைமுறை பகுதி கட்டியவர் ஒரே நாளில் திருடராகிவிடுகிறார்.

2019-ல் தமிழக அரசு, புறம்போக்கிலும் கோயில் நிலத்திலும் நெடுநாளாகக் குடியிருக்கும் ஏழைகளுக்கு வழி செய்வதாக ஓர் ஆணை போட்டது. கோயில் நிலத்தைப் பொறுத்தவரை சென்னை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கோயில் சொத்தைக் காக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கோயில் நிலத்தைப் பெரிய புள்ளிகள் விழுங்கிய கதை ஊருக்கு ஊர் உண்டு. அதை மீட்க நாமும் கூட நிற்போம். ஆனால் 2 குழியில் வீடு கட்டிக் குடியிருப்பவனையும், கோயில் நிலத்தில் கல்யாண மண்டபம் கட்டி லாபம் சம்பாதிக்கிறவனையும் ஒரே தராசில் போடுவது என்ன நீதி?

வழி இல்லாமல் இல்லை. 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டம் 34-வது பிரிவில், கோயிலுக்கு நன்மையானால் கமிஷனரின் அனுமதியோடு 5 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையும், விற்பனையும்கூடச் செய்யலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. சொந்தமாக்குவதில் தகராறு தீரும் வரை, குடியிருப்பவர் பெயரில் 30 வருஷத்துக்குப் பதிவு செய்த நீண்ட குத்தகை கொடுக்கட்டும்; நியாயமான பகுதி வாங்கட்டும். கோயிலுக்கும் வருமானம் ஒழுங்காக வரும். பதிவான குத்தகையை வைத்துப் பாங்கும் கடன் தர முடியும். பட்டணத்தில் குத்தகை மனை மேல் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கடன் தருகிறார்களா, இல்லையா? கீழ்வேளூருக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

வீடு பாதியில் நிற்பது எதனால்?

மனை உள்ளவர் கதைக்கு வருவோம். வீட்டுக்கென்று சர்க்கார் பணம் வருகிறது. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவதாகக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அது போய், பசுமை வீடு வந்தது. 2016-ல் மத்திய அரசின் கிராம வீட்டுத் திட்டம், சமவெளிப் பகுதிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் என்று. 2024-ல் கலைஞர் கனவு இல்லம், வீடு ஒன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் என்று. பெயர்தான் மாறுகிறது, குடிசை இன்னும் நிற்கிறது. ஏன் நிற்கிறது?

இந்தப் பணம் முன்னால் வருவதில்லை, பின்னால் வருகிறது. கடைகால் எடுத்துத் தரைமட்டம் வரை கட்டிக் காட்டினால் ஒரு தவணை. லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை. கூரை போட்டால் ஒரு தவணை. அளந்து பார்த்துப் போட்டோ எடுத்து மேலே அனுப்பி, பணம் வரும்போது கொத்தனார் வேறு ஊருக்குப் போயிருப்பார். முதல் தவணைக்கு முன் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் யார் பணத்தில் வாங்குவது? அதிலும் நம்முடையது களிமண் பூமி. கடைகால் ஆழமாகப் போட வேண்டும். பள்ள மனையைத் தூர்க்க மண் அடிக்க வேண்டும். மண் அடிக்கவில்லை என்றால் ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். சென்னையில் உட்கார்ந்து மதிப்பீடு போடுகிற எஞ்சினீயருக்கு இந்த மண்ணடிச் செலவு கண்ணில் படுவதில்லை.

இந்த இடத்தில்தான் பாங்கு வந்திருக்க வேண்டும். வரப்போவது சர்க்கார் பணம். அனுமதி உத்தரவு கையில் இருக்கிறது. அதன் பேரில் ஒரு முன்பணம் கொடுத்து, தவணை வர வர நேரே பாங்கே கழித்துக்கொள்வதில் என்ன ஆபத்து? கண்ட்ராக்டர் கொண்டுவரும் சர்க்கார் பில்லின் பேரில் பாங்குகள் கடன் கொடுப்பது நாளும் நடக்கிற காரியம். அந்த மரியாதை வீட்டு உத்தரவோடு வரும் நடவுப் பெண்ணுக்கு இல்லை.

பாங்கு வராத இடத்துக்கு யார் வருகிறார்? நுண்கடன் கம்பெனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வருகிறார். பத்திரம் கேட்பதில்லை, அடமானம் கேட்பதில்லை. ரொம்ப நல்லவர்! 2022-ல் ரிசர்வ் பாங்கு இந்தக் கம்பெனிகளுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். 1 லட்சம் வாங்கி 2 வருஷத்தில் கட்டுவதென்றால் மாதம் 5,287 ரூபாய். முடிவில் கட்டியது 1 லட்சத்து 27 ஆயிரம். வேலை இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். கூலி உயர்வுக்கு ஒன்றாக நிற்க வேண்டிய பெண்களைத் தவணைக்காக ஒருவரோடொருவர் சண்டை போட வைத்த புண்ணியம் இந்தக் கம்பெனிகளைச் சேரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கூரை பறந்துபோன நாட்களிலும் வசூல் நோட்டோடு வந்து நின்றவர்கள் இவர்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது, நல்லதே. ஆனால் பாங்கு கதவு திறக்காதவரை அந்த மோட்டார் சைக்கிள் நிற்காது.

யாருக்குப் பருவம் உண்டு, யாருக்கு இல்லை?

பாங்கு கதவு திறந்தாலும், உள்ளே இருக்கும் கடன் நமக்கு ஏற்றதா? 3 லட்சம் ரூபாய், 15 வருஷம், 9 சதவீத வட்டி என்றால் மாதம் 3,043 ரூபாய் கட்ட வேண்டும். மாதந்தோறும், ஒரு மாதம் தவறாமல். விவசாயத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் எங்கே இருக்கிறது? நடவு, களை எடுப்பு, அறுப்பு என்று வேலை வரும். அறுப்பையும் இப்போது மிஷின் விழுங்கிவிட்டது. மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷம் குறுவையும் இல்லை. ஆடி மாதம் கையில் காசு இல்லாதவர் தை, மாசியில் கட்டத் தயாராக இருக்கிறார். பாங்கு காத்திருக்குமா? வீட்டுக் கடனில் 90 நாள் தவணை நின்றால் வாராக் கடன் என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் இதே பாங்கு, நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்கும் பயிர்க் கடனில் என்ன செய்கிறது தெரியுமா? நெல் போன்ற குறுகிய காலப் பயிரானால், இரண்டு சாகுபடிப் பருவம் தவணை தவறிய பிறகுதான் வாராக் கடன் என்று எழுத வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. சரியான விதிதான், விளையாமல் விவசாயி எப்படிக் கட்டுவான்? அப்படியானால் அதே வயலில் அதே பருவத்தில் நாற்று நட்டவளுக்கு மட்டும் பருவம் கிடையாதா? வயல் வறண்டால் நிலக்காரருக்கு அவகாசம். கூலிக்காரிக்கு 90 நாள். இந்த ஒரு விதியை மாற்றி, விவசாயத் தொழிலாளியின் வீட்டுக் கடனுக்கு வருஷத்தில் இரண்டு தவணை, அறுவடைக்குப் பின்னால் என்று வைத்தால் போதும். அதற்காகப் பாங்கு முழுகிப் போகாது.

வட்டிக்கும் முன்மாதிரி இருக்கிறது. 1972-லேயே 4 சதவீத வட்டிக் கடன் என்று ஒரு திட்டம் வந்தது. தேச உடைமைப் பாங்குகள் முந்தின வருஷம் கொடுத்த மொத்தக் கடனில் நூற்றுக்கு 1 பங்கை மிக ஏழைகளுக்கு இந்த வட்டியில் தர வேண்டும். தாழ்த்தப்பட்டவருக்கும் பழங்குடியினருக்கும் வீட்டுக்காக 20,000 ரூபாய் வரை என்றும் பிற்பாடு சேர்த்தார்கள். இருபதாயிரம்! இன்று அதில் கடைகால்கூட எழும்பாது. அந்த 1 சதவீதத்தையும் பாங்குகள் சட்டை செய்யவில்லை. மேலே சொன்ன 3 லட்சத்தையே 4 சதவீதத்தில் கொடுத்தால் மாதத்துக்கு 2,219 ரூபாய்தான். 15 வருஷத்தில் கட்டுவது 5 லட்சத்து 48 ஆயிரமாக இராது, 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கும். வித்தியாசம் 1 லட்சத்து 48 ஆயிரம். அதில் ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு முடிந்துவிடும்.

வட்டிச் சலுகை கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தார்கள், யாருக்கு? 2015-ல் வந்த நகர்ப்புறத் திட்டத்தில், முதலில் பாங்குக் கடன் வாங்கியவருக்குத்தான் வட்டி மானியம். ஏழைப் பிரிவுக்கு அதிகபட்சம் 2 லட்சத்து 67 ஆயிரம். வருஷத்துக்கு 18 லட்சம் வருமானம் உள்ளவருக்கும் 2 லட்சத்து 30 ஆயிரம் வரை! கடனே கிடைக்காதவருக்கு வட்டி மானியம் எங்கிருந்து வரும்? வழுக்கைத் தலையனுக்குச் சீப்பு இனாம் என்ற கணக்கு. 2024-ல் வந்த இரண்டாவது திட்டத்திலும் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை மானியம் உண்டு. அங்கேயும் பாங்கு வாசலைத் தாண்டியவருக்குத்தான்.

திரும்பாத கடன் எது?

ஏழைக்குக் கொடுத்தால் திரும்பாது என்ற பழைய பல்லவிக்கு நாம் ஆத்திரப்படத் தேவையில்லை. கணக்கைக் காட்டினால் போதும். 1992-ல் பெண்கள் சுய உதவிக் குழுக்களைப் பாங்குகளோடு இணைத்தார்கள். ஜாமீன் காட்ட ஏதுமில்லாத பெண்கள் வாங்கிய கடன்; ஒழுங்காகத் திருப்பிக் கட்டுபவர்கள் என்று பாங்குகளே மெச்சுகின்றன. மறுபக்கம் பாருங்கள். 2014-15 முதல் 2022-23 வரை 9 வருஷத்தில் பாங்குகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் மந்திரியே சொன்னார். அதில் 7 லட்சத்து 40 ஆயிரம் கோடி பெருந்தொழில்களும் பெரிய சேவைக் கம்பெனிகளும் வாங்கியது. நீக்கியதுதான், தள்ளுபடி அல்ல, வசூல் நடக்கிறது என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்த 9 வருஷத்தில் நீக்கிய கடனில் வசூலானது 2 லட்சம் கோடி சொச்சம் என்பதும் அதே பதிலில்தான் இருக்கிறது. கலைஞர் கனவு இல்லத்தின் விலையில், 7 லட்சத்து 40 ஆயிரம் கோடிக்கு எத்தனை வீடு என்று வாசகர்கள் கணக்குப் போடட்டும். நாம் போட்டுப் பார்த்தோம். 2 கோடிக்கு மேல் வருகிறது.

அதற்காக ஏழைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்துவிட்டால் வீடு வந்துவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் அப்படித்தான் கொடுத்தார்கள். முதலில் குறைந்த வட்டி காட்டி, பிறகு வட்டியை ஏற்றி, அந்தக் கடன் பத்திரங்களைச் சந்தையில் சூதாட்டச் சீட்டாக விற்றார்கள். 2008-ல் சீட்டு சரிந்தபோது லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. பாங்குகளைச் சர்க்கார் காப்பாற்றியது. நம் நாட்டிலும் 2002-ம் வருஷச் சட்டப்படி, அடமானக் கடன் நின்றால் கோர்ட்டுக்குப் போகாமலே பாங்கு வீட்டைக் கைப்பற்றலாம். விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. வீட்டு மனைக்கு இல்லை. 1971-ல் மிராசுதாரிடமிருந்து வாங்கிய மனையைப் பாங்கு ஏலத்தில் தொலைக்கவா இத்தனை பாடு?

ஆகவேதான், கடன் வேண்டும், ஆனால் தனிக் குடும்பத்தின் தலையில் மனையை அடமானம் வைத்து அல்ல என்கிறோம். பின்னே யார் ஜாமீன்? அரசும், கூட்டுறவும், சங்கமும்.

இது ஆகாத காரியம் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே 1970 ஜனவரி 1 முதல் குடிகிடப்புக்காரருக்குக் கிராமத்தில் 10 சென்ட் வரை சொந்தமாயிற்று. அதாவது முதலில் மனை. 1972-ல் கம்யூனிஸ்ட் மந்திரி எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைத் தொடங்கினார். 2016-க்குப் பிறகு இடது ஜனநாயக முன்னணி அரசின் லைஃப் திட்டத்தில் வீட்டுக்கு 4 லட்சம். அதற்கு ஹட்கோ கடனும் வாங்கினார்கள். கடன் வாங்கியது குடும்பம் அல்ல, உள்ளாட்சிகள். வட்டியை ஏற்றது மாநில அரசு. வீட்டுக்காரியின் பட்டா எந்தப் பாங்கின் பெட்டிக்குள்ளும் போகவில்லை. அந்த அரசின் கஜானா இதனால் திணறியதும் உண்மை. மத்திய அரசு கடன் வரம்பைச் சுருக்கியபோது வேலை தாமதப்பட்டதும் உண்மை. ஆனாலும் 4 லட்சம் வீடுகளுக்கு மேல் எழுந்து நிற்கின்றன. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள், தோழர் நரசய்யா ஆடம் தலைமையில் கூட்டுறவு அமைத்துப் போராடி, மத்திய அரசு, மாநில அரசு, தொழிலாளி என்று செலவைப் பங்கு போட்டு, 2006-ல் 10,000 வீடுகளில் குடியேறினார்கள். அந்தக் குடியிருப்புக்குத் தோழர் கோதாவரி பருலேகரின் பெயர்.

நமது வட்டாரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கீழ்வேளூரை அடுத்த கூத்தூரில் சர்வோதயத்தைச் சேர்ந்த கிருஷ்ணம்மாளும் ஜகந்நாதனும் 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதாரிடம் விலை பேசி, பாங்குக் கடன் பெற்று, நிலமற்ற பெண்கள் பெயரில் நிலம் பதிவு செய்வது அவர்கள் வழி. ஆரம்பத்தில் பாங்குகள் கடன் தர முன்வரவில்லை. சிறு சிறு துண்டுக்குப் பத்திரச் செலவும் மிகுதியாக இருந்தது. விடாப்பிடியாக நின்று, 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் சேர்ப்பித்தார்கள். நிலக்காரருக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேற்றுமை உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெண்கள் கூட்டாக நின்றால் பாங்கு அசைகிறது, வாங்கிய கடனும் திரும்புகிறது என்பதை அவர்கள் இந்த மண்ணில் காட்டிவிட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் தாட்கோ 1974-ல் ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டுவதற்காகத்தான் பிறந்தது. அந்த வேலையை அதற்குத் திருப்பிக் கொடுக்கலாம். தாட்கோவோ, ஊராட்சி ஒன்றியமோ, விவசாயத் தொழிலாளர் வீட்டுக் கூட்டுறவோ பாங்கில் மொத்தமாகக் கடன் வாங்கட்டும். அரசு ஜாமீன் நிற்கட்டும். 4 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியை அரசு ஏற்கட்டும். குடும்பம் அறுவடைக்கு அறுவடை தன் பங்கைக் கட்டட்டும். மனை பெண்ணின் பெயரில் இருக்கட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகைக் கடற்கரையில் கட்டிய வீடுகளைப் புருஷன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து பத்திரத்தை அடகு வைக்கிற புருஷனுக்கு அது ஒரு கடிவாளம்.

இதற்கெல்லாம் சட்டசபையும் ரிசர்வ் பாங்கும் அசைய வேண்டும். அசைக்க நாள் பிடிக்கும். அதுவரை நமது கிளைகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தெருவாரியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். இந்த வீடு நத்தமா, புறம்போக்கா, கோயில் அடிமனையா, ஒப்படை மனையா. பட்டா யார் பேரில். வீட்டு உத்தரவு வந்ததா, எத்தனை தவணை நிற்கிறது. நுண்கடன் எத்தனை, வட்டி என்ன. கோயிலுக்குக் கட்டிய பகுதி ரசீது, வீட்டு வரி ரசீது, மின்சார அட்டை என்று பெட்டிக்கடியில் கிடப்பதை எல்லாம் எடுத்து நகல் போட வேண்டும். கரையான் தின்றபின் எந்தக் கோர்ட்டும் உதவாது. 1971 சட்டத்தில் மனை பெற்றவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது. அத்தகைய வீடுகளுக்கு வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற ஜமாபந்தி நல்ல சமயம். தாலுகா ஆபீஸுக்கு ஆள் ஆளாகப் போய் மனுக் கொடுத்துவிட்டு வருவதைவிட, தெரு தெருவாகச் சேர்த்து, பெண்களை முன்னே விட்டு, ஒரே நாளில் கொடுப்போம். ஒவ்வொரு மனுவுக்கும் தேதி போட்ட ரசீதை வாங்காமல் திரும்பக் கூடாது.